'இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள்' என்று சொல்வதற்கு முன்: வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

இருபது வயதைக் கடந்த மகனோ மகளோ காலை ஒன்பது மணிக்கு எழுந்து கைப்பேசியோடு உட்கார்ந்தால், "நாங்களெல்லாம் இந்த வயதில்" என்று தொடங்கும் பேச்சு பெற்றோரின் வாயில் தானாக வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அரசுத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருந்த மகனை ஒரு நாள் உறவினர்கள் முன்னிலையில் "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். அந்தச் சொல் உண்மைதானா என்று அளந்து பார்க்க முயன்றபோது நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்றைய தலைமுறை முந்தைய தலைமுறையைவிடச் சோம்பலானது என்பதற்கு நான் பார்த்த எதிலும் ஆதாரம் இல்லை. சோம்பலான தனி மனிதர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது சோம்பலா, வேறொன்றா என்பதை ஏழு நாட்களில் கண்டுகொள்ள முடியும்.

யாரை யாரோடு ஒப்பிடுகிறோம்?

முதலில் ஒப்பீட்டைச் சரிசெய்ய வேண்டும். ஐம்பது வயதில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதையும் இருபத்துமூன்று வயதில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமாகாது. அமெரிக்காவில் ஜான் புரோட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நிறையப் படிக்கும் பழக்கமுள்ளவர்களே "இப்போதைய பிள்ளைகளுக்குப் படிப்பதில் விருப்பமில்லை" என்று அதிகம் குறைபட்டார்கள். அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதைப் பெரிதாக மதிப்பவர்களே "பெரியவர்களிடம் மரியாதை போய்விட்டது" என்று அதிகம் சொன்னார்கள். தாம் இன்று எப்படி இருக்கிறோமோ அதைத் தம் இளமைக்காலத்துத் தலைமுறை முழுவதின் மேலும் ஏற்றி நினைவுகூர்வதுதான் இதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் கண்டார்கள்.

ஆகவே உங்கள் நினைவை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களுடைய இருபத்துமூன்றாம் வயதை நேரில் பார்த்த ஒருவரிடம், அக்காவிடமோ உடன் வேலை பார்த்த நண்பரிடமோ, கேளுங்கள். என் அக்காவிடம் கேட்டபோது, "மில்லுக்குப் போகாத நாளில் உன்னை எழுப்புவதற்குள் அம்மாவுக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும்" என்றார். அது எனக்கு நினைவே இல்லை. ஷிஃப்ட் சங்கு ஊதியதும் ஓடியது மட்டும்தான் நினைவில் நின்றிருந்தது.

கருவிகள் மாறியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீரை இறைத்த என் தாத்தா, பம்புசெட்டு வந்த பிறகு என் அப்பாவின் தலைமுறைக்கு உடம்பு வளைவதில்லை என்று சொல்வாராம். உரலில் நெல் குத்தியவர்களுக்கு ரைஸ்மில்லுக்கு மூட்டையை அனுப்பியவர்கள் சோம்பேறிகளாகத் தெரிந்தார்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்களுக்குக் கிரைண்டர் வைத்திருந்த மருமகள்கள் அப்படித் தெரிந்தார்கள். பம்புசெட்டையும் கிரைண்டரையும் தயங்காமல் ஏற்றுக்கொண்ட நாம், பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசியை மட்டும் குற்றத்தின் அடையாளமாகப் பார்க்கிறோம்.

நான் பதினாறு வயதில் வேலைக்குப் போனதை உழைப்புக்குச் சான்றாக நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். படிக்க வைக்க வீட்டில் வழியில்லை என்பதுதான் அதன் முழு உண்மை. 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு; நாட்டின் சராசரி அப்போது 28.4. நாம் ஆலையிலும் வயலிலும் கழித்த அந்த வயதை இவர்கள் வகுப்பறையில் கழிக்கிறார்கள். அப்படிக் கழிக்க வேண்டும் என்று விரும்பிக் கடன் வாங்கியவர்களும் நாமேதான்.

ஏழு நாள் நோட்டு

இதுதான் இந்த முறையின் மையம். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணி வரையுள்ள ஒரு நாளை அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுவது அதன் வழி. அதையே வீட்டுக்குக் கொண்டுவரலாம். கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்குங்கள். ஒரு நாளுக்கு 48 வரிகள், ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம். பிள்ளையின் பக்கத்தைப் பிள்ளையே எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் அது வேவு பார்ப்பதாகிவிடும். உங்கள் பக்கத்தை நீங்களும் எழுத வேண்டும், வீட்டிலுள்ள மற்ற எல்லோரும் எழுத வேண்டும். இந்த நிபந்தனை இல்லாமல் எந்த இளைஞனும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டான், ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை.

"போன் பார்த்தேன்" என்று எழுதக்கூடாது; போனில் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். இந்த ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். பாட வகுப்பு, வேலைக்கு விண்ணப்பம், மின்கட்டணம், நண்பனோடு பேச்சு, குறுங்காணொளி எல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: குனிந்த தலை, அசையும் கட்டைவிரல்.

எங்கள் வீட்டு நோட்டின் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். மகன் மாலை ஆறரை முதல் எட்டரை வரை ஆன்லைன் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெடுத்திருந்தான். எட்டரை முதல் பத்து வரை குறுங்காணொளிகள். அதையும் மறைக்காமல் அப்படியே எழுதியிருந்தான். இரவு பதினொன்றரை முதல் ஒன்றரை வரை மாதிரித் தேர்வு, பிறகு காலை ஒன்பது வரை தூக்கம். நான் அந்த நாளில் கண்ணால் பார்த்தது அந்த ஒன்பது மணியையும் குறுங்காணொளியையும் மட்டும்தான். என் பக்கத்தில் இரவு ஏழரை முதல் பத்து வரை ஐந்து வரிகளில் 'டிவி' என்று இருந்தது. என் மனைவியின் பக்கத்தில் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை ஓய்வு என்று எழுத மூன்று வரிகள்தான் கிடைத்திருந்தன. தலைமுறைச் சண்டை என்று நினைத்துத் தொடங்கிய நோட்டு, அம்மாவின் வேலையில் உங்கள் பங்கு என்ன என்ற ஒரே கேள்வியை அப்பா மகன் இருவர் மீதும் வைத்தது. நாடு முழுவதும் நிலைமை இதுதான்: 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிட்டிருந்தார்கள்.

சோம்பல் என்று ஒரே சொல்லால் சொல்லாதீர்கள்

நோட்டு நிறைந்ததும், நீங்கள் குறையாகக் கருதும் நேரங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கைத் தனித்தனியாக எண்ணுகிறார். காலம் தாழ்த்துவது வேறு, மறப்பது வேறு, சோம்பல் வேறு, தூக்கம் வேறு. நாம்தான் நான்கையும் ஒரே வசையில் அடைத்துவிடுகிறோம்.

தூக்கத்தை முதலில் பாருங்கள். பதின்வயதிலும் இருபதை ஒட்டிய வயதிலும் உடலின் உள்கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. உறக்கம் வருவதும் தாமதம், விழிப்பதும் தாமதம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் மேல்வகுப்புப் பள்ளிகளைக் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்ததற்கு அடிப்படை இதுதான். எத்தனை மணிக்கு எழுந்தான் என்பதைவிட எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பதைக் கூட்டிப் பாருங்கள். ஏழெட்டு மணி நேரம் என்றால் அது சோம்பல் அல்ல, நேரம் தள்ளிய தூக்கம். நள்ளிரவுக்குப் பின் கைப்பேசியை வேறு அறையில் வைப்பது, காலை வெயிலில் அரை மணி நேரம் நடப்பது போன்றவற்றால் அதை மெல்ல முன்னுக்குக் கொண்டுவரலாம்.

பத்து மணி நேரம் தூங்கியும் அசதி தீரவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் திட்டுவதை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. "எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள்" என்று பேச்சு வாங்கும் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தேவைப்படுவது இரும்புச்சத்து மாத்திரையோ என்று எண்ணும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஹீமோகுளோபின் அளவை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். தைராய்டு பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் ஈடுபாடு போய், வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

காலம் தாழ்த்துவதற்குப் பின்னால் பெரும்பாலும் பயம் இருக்கிறது. 2024இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு அதிகமானோர். 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த வேலையின்மை 3.2 விழுக்காடாக இருந்தபோது, 15 முதல் 29 வயதினரிடையே அது 10.2 விழுக்காடாக இருந்தது. எனக்கு ஆலையில் வேலை கிடைத்தது மாமா ஒருவர் சொல்லி வைத்ததால். ஒரே நாளில் முடிந்தது. இவன் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைக்குப் புத்தகத்தைத் திறக்கக் கை நடுங்கி நின்றதை நான் சோம்பல் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட நிலையில் பிள்ளையோடு உட்கார்ந்து ஓர் எல்லையை எழுதிவையுங்கள்: இன்னும் எத்தனை முறை எழுதுவது, எந்த மாதத்துக்குப் பிறகு வேறு வேலை தேடுவது, இடைப்பட்ட காலத்தில் பகுதிநேரமாக என்ன செய்வது. முடிவு தெரியாத காத்திருப்பைவிடத் தேதி போட்ட காத்திருப்பு தாங்கக்கூடியது.

மறதிக்குச் சுவரில் மாட்டிய நாட்காட்டி போதும்.

இவை எல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவதே உண்மையான மடி. எங்கள் வீட்டில் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாக இருந்தது, மகனுக்கும் எனக்கும்.

எப்படிப் பேசுவது, எதை ஒப்படைப்பது

சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். உறவினர் முன் ஒருபோதும் பேசாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை எடுக்காதீர்கள். நோட்டை இருவருக்கும் நடுவில் வைத்து, உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நான், "தம்பி, ராத்திரி ரெண்டரை மணி நேரம் டிவி பார்த்திருக்கேன். அதுல ஒரு மணி நேரம் அம்மாவுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். நீ எதை எடுத்துக்கிற?" என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து, "ராத்திரிப் பாத்திரம் நான் கழுவிடறேங்கப்பா, மோட்டாரும் நானே பார்த்துக்கறேன்" என்றான்.

ஒப்படைக்கும் வேலை முழுமையானதாக இருக்க வேண்டும். "அம்மாவுக்குக் கொஞ்சம் உதவி செய்" என்பது வேலை அல்ல. பொறுப்பு அம்மாவிடமே இருக்க, கை மட்டும் மாறுகிறது. தொட்டி நிறைந்திருப்பது, ரேஷன் பொருள் மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது, சிலிண்டர் முடிவதற்குள் பதிவு செய்வது என்று முடிவைச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, நினைவூட்டாமல் இருங்கள். இதுதான் பெற்றோருக்கு மிகவும் கடினமான பகுதி. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை எங்கள் தொட்டி வறண்டுவிட்டது. ஆளுக்கு அரை வாளித் தண்ணீரில் குளித்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நானும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அன்று மாலை அவன் கைப்பேசியில் தினமும் இருவேளை மணி ஒலிக்கும்படி வைத்துக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு ஏழு நாட்களுக்கு நோட்டை எழுதுங்கள். இந்த முறை முதலில் திறக்க வேண்டியது அம்மாவின் பக்கம். அதில் ஓய்வு என்ற வரிகள் மூன்றிலிருந்து எத்தனையாகக் கூடியிருக்கின்றன என்று அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து எண்ணுங்கள்.