விமான நிலைய வரிசைகளில் நேரத்தை மிச்சப்படுத்த: கொங்குப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர் விமானத்தில் ஏறும் முன் குறைந்தது நான்கு வரிசைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. வாசலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பது முதல் வரிசை. விமான நிறுவனத்தின் கவுண்டரில் பெட்டிகளைப் போடுவது இரண்டாவது, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து முத்திரை குத்தும் இமிக்ரேஷன் மூன்றாவது, உடலையும் கைப்பையையும் பரிசோதிக்கும் செக்யூரிட்டி நான்காவது. போய் இறங்கும் நாட்டில் மறுபடியும் ஓர் இமிக்ரேஷன் வரிசை காத்திருக்கும். முன்கூட்டியே பெயரைப் பதிந்துகொண்ட பயணிகளை விரைவாக அனுப்பும் திட்டங்கள் இன்று பல உள்ளன என்றாலும், ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றிரண்டு வரிசைகளைத்தான் சுருக்கும். எனவே நமக்கு நேரம் போவது எந்த வரிசையில் என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குரிய திட்டத்தில் சேருவதே முதல் வேலை.

இந்த வேலையை டிக்கெட் போட்ட பிறகு தொடங்கினால் பெரும்பாலும் நேரம் போதாது. திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களும், அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

உள்நாட்டு விமானத்துக்கு டிஜியாத்ரா

கோவையிலிருந்து சென்னைக்கோ டெல்லிக்கோ மும்பைக்கோ அடிக்கடி போகிறவர்களுக்கு, முகத்தையே அடையாளமாகக் கொண்டு உள்ளே விடும் டிஜியாத்ரா போதும். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசி ஆகிய மூன்று விமான நிலையங்களில் தொடங்கிய இந்த வசதி, 2024-இல் பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்துக்கும் வந்தது. செல்பேசியில் ஆப்பை நிறுவி, டிஜிலாக்கர் வழியாக ஆதாரை இணைத்து, ஒரு செல்ஃபி எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் வெப் செக்-இன் முடித்த பிறகு, போர்டிங் பாஸை ஆப்பில் ஏற்றி, புறப்படும் விமான நிலையத்துக்குப் பகிர வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால், பதிவு செய்திருந்தும் கதவு திறக்காது.

வாசலில் போர்டிங் பாஸின் பார்கோடைக் காட்டிக் கேமராவைப் பார்த்தால் கதவு திறக்கிறது. செக்யூரிட்டி பகுதிக்குள் நுழையும் இடத்திலும் அதே முறைதான். ஆனால் பையை எக்ஸ்ரேயில் போடுவதும் உடல் சோதனையும் எல்லோருக்கும் பொது. இது கட்டாயமில்லாத வசதி. முகப்படத்தைத் தர விரும்பாதவர்கள் வழக்கமான வாசலிலேயே போகலாம். விமான நிலையத்துக்குப் பகிரப்படும் தகவல், விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் அங்கிருந்து நீக்கப்படும் என்பது திட்டத்தின் விதி. எதற்கும் அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

இமிக்ரேஷன் வரிசைக்கு இந்திய அரசின் திட்டம்

வெளிநாடு போகிறவர்களுக்கு உண்மையான பயன் தருவது, உள்துறை அமைச்சகத்தின் ‘ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன் – டிரஸ்டட் டிராவலர் புரோகிராம்’ என்ற திட்டம்தான். 2024 ஜூன் 22 அன்று டெல்லி விமான நிலையத்தில் தொடங்கப்பட்டது. 2025 ஜனவரியில் சென்னை, பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, அகமதாபாத் ஆகிய இடங்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, கோழிக்கோடு, திருவனந்தபுரம், லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய இடங்களுக்கும் விரிந்தது. இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களும் சேரலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் ஊருக்கு வந்து போகும்போது அவர்களுக்கும் இது உதவும் என்பதைப் பல குடும்பங்கள் கவனிப்பதில்லை.

மேற்சொன்ன பட்டியலில் கோவை இல்லை என்பதால் நமக்குப் பயனில்லை என்று விட்டுவிட வேண்டாம். பயணி எந்த ஊரில் இந்தியாவை விட்டு வெளியேறுகிறாரோ அங்கேதான் இமிக்ரேஷன் நடக்கிறது. கோவையிலிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபிக்கு நேரடியாகப் போகிறவர்களுக்குக் கோவையிலேயே முத்திரை விழும். அவர்களுக்கு இத்திட்டம் புறப்படும்போது உதவாது. ஆனால் கோவையிலிருந்து டெல்லி போய் அங்கிருந்து அமெரிக்கா செல்கிறவர்களும், பாலக்காடு வழியாகக் காரில் கொச்சிக்குப் போகிறவர்களும், சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போய் விமானம் ஏறுகிறவர்களும் அந்தந்த விமான நிலையங்களில் இதைப் பயன்படுத்தலாம். நள்ளிரவுக்கு மேல் வெளிநாட்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும் நேரத்தில் அங்கே இமிக்ரேஷன் வரிசை எவ்வளவு நீளும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

விண்ணப்பத்தை இத்திட்டத்துக்கென்று உள்துறை அமைச்சகம் நடத்தும் இணையதளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. ஆகவே பணம் கேட்கிற இடைத்தரகரையோ இணையதளத்தையோ நம்ப வேண்டாம். பாஸ்போர்ட் பக்கங்களின் ஸ்கேன், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டியிருக்கும். செல்பேசியில் சாய்வாக எடுத்த படங்களையும், விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்த படங்களையும் தவிர்த்து, கடையில் கொடுத்துத் தெளிவாக ஸ்கேன் செய்து கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதக் காலம் மீதியிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்கோ, பாஸ்போர்ட் காலாவதியாகும் வரைக்கோ, எது முன்னதாக வருகிறதோ அதுவரை செல்லும். ஆகவே பாஸ்போர்ட்டுக்கு ஓராண்டுதான் பாக்கி என்றால், முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

சரிபார்ப்பு முடிந்ததும் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்ய வரச் சொல்லிக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும். திட்டம் நடைமுறையில் உள்ள விமான நிலையத்திலோ, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ இதை முடிக்கலாம். இதற்கென்று தனியாக ஒரு பயணம் போவதைவிட, அடுத்த முறை சென்னை அல்லது கொச்சி வழியாக வெளிநாடு போகும்போது இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு அங்கேயே முடித்துவிடலாம். வயலிலும் தறியிலும் காலமெல்லாம் உழைத்த பெரியவர்களுக்குக் கைரேகை தேய்ந்து, கருவி எளிதில் படிக்காமல் போவதுண்டு. முந்தின சில நாட்கள் இரவில் கையில் எண்ணெயோ கிரீமோ தடவித் தோலை மென்மையாக வைத்திருந்து, பதிவுக்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனால் ரேகை தெளிவாக விழும். வறண்ட விரல்தான் பெரும்பாலும் சிக்கல்.

பதிவு முடிந்தபின் பயண நாளில் நடப்பது எளிது. முதலில் பாஸ்போர்ட்டின் மேலுறையைக் கழற்றிவிடுங்கள். ஜோசியர் கொடுத்த மஞ்சள் துணியோ ரப்பர் பேண்டோ சுற்றியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மின்னணுக் கதவின் முன்னால் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்து, படமுள்ள பக்கத்தைக் கண்ணாடியின் மேல் அழுத்தி வைத்துச் சில விநாடிகள் அசைக்காமல் பிடிக்க வேண்டும். முதல் கதவு திறந்ததும் ஒருவர் மட்டும் உள்ளே போக வேண்டும். பின்னால் வரும் துணையும் கூடவே நுழைந்தால் இயந்திரம் நின்றுவிடும். உள்ளே கேமராவைப் பார்த்து, கேட்டால் விரலையும் வைத்ததும் அடுத்த கதவு திறக்கும். எங்காவது தடைபட்டால் பக்கத்திலேயே இருக்கும் அலுவலரிடம் போகலாம், பதற்றப்பட வேண்டியதில்லை.

பெயர்: எல்லாச் சிக்கலும் தொடங்கும் இடம்

இத்திட்டங்களில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் ‘ஆர். செந்தில்குமார்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக்கப்பட்டு ‘ராமசாமி’ என்பது குடும்பப் பெயராகவும் ‘செந்தில்குமார்’ என்பது சொந்தப் பெயராகவும் இருக்கும். டிக்கெட்டிலோ டிராவல்ஸ்காரர் இரண்டையும் முன்பின்னாகப் போட்டிருப்பார். ‘சாமி’ என்பதை ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதும் சாதாரணம். திருமணமான பெண்களுக்கு இது இன்னும் சிக்கலாகிறது. பாஸ்போர்ட் தந்தை பெயரிலும், பிறகு திருத்திய ஆதார் கணவர் இனிஷியலிலும் இருக்கும். மனிதர்களுக்கு இது ஒரே ஆள் என்று புரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்குப் புரியாது.

ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு இணங்க மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால், எழுத்துகளை ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை ஏஜெண்டுக்கு அனுப்பி, அதில் உள்ளபடியே குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். பழைய பாஸ்போர்ட்டுகள் சிலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களுக்குச் சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்துவிடும். அடிக்கடி போய் வர வேண்டியவர்கள் அடுத்த முறை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே இதைச் சரிசெய்து கொள்வது பிற்காலத்தில் பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பாதுகாப்புச் சோதனையை விரைவாக்கும் ‘டி.எஸ்.ஏ. ப்ரீசெக்’ திட்டத்தில் நேரடியாகச் சேர, அந்நாட்டுக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். விசாவில் போகும் இந்தியர்களுக்கு, அங்கே இறங்கும்போது இமிக்ரேஷனை விரைவாக்கும் ‘குளோபல் என்ட்ரி’ திட்டத்தின் வழியாகத்தான் அது கிடைக்கும். இந்தியக் குடிமக்களுக்கு அத்திட்டம் 2017 முதல் திறந்திருக்கிறது. கட்டணம் 120 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் திரும்பி வராது. ஐந்து ஆண்டுகள் செல்லும். அமெரிக்கச் சுங்கத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிப்பதோடு, நம் பாஸ்போர்ட் சேவா தளத்தில் இதற்கெனத் தனியாக உள்ள பின்னணிச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும். முன்னனுமதி வந்ததும் நேர்காணல் உண்டு. அமெரிக்காவில் இறங்கும்போது, அந்த வசதியுள்ள விமான நிலையத்திலேயே அதை முடித்துக்கொள்ளலாம்.

உறுப்பினர் எண் கிடைத்ததும் அதை ஒவ்வொரு டிக்கெட்டிலும் சேர்க்க வேண்டும். எண்ணைச் சேர்த்திருந்தும் போர்டிங் பாஸில் ப்ரீசெக் குறி அச்சாகவில்லை என்றால், முதலில் பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்கள். குறி இருந்தால் பெல்ட்டையும் கோட்டையும் கழற்றாமல், லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்காமல் போகலாம்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நியூயார்க்கில் வாங்குவோரைப் பார்க்கப் போகிற திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு இந்தச் செலவும் அலைச்சலும் நியாயமானவை. பேரக்குழந்தையைப் பார்க்க எப்போதாவது ஒருமுறை போகிற பெற்றோருக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. அவர்களுக்குக் கட்டணமில்லாத இந்தியத் திட்டமே போதும்.

கோவையிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு நல்ல வழியும் உண்டு. அபுதாபி விமான நிலையத்தில் அமெரிக்க இமிக்ரேஷன் அலுவலகம் 2014 முதல் இயங்குகிறது. கோவை–அபுதாபி விமானத்தில் போய் அங்கிருந்து நேராக அமெரிக்காவுக்கு விமானம் ஏறினால், அமெரிக்கச் சோதனை அபுதாபியிலேயே முடிந்து, அங்கே போய் இறங்கும்போது உள்நாட்டுப் பயணியைப் போல வெளியேறலாம். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கும்படியும், நடுவில் போதிய இடைவெளி இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளோபல் என்ட்ரி உறுப்பினர்கள் உணவுப் பொருள் விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், விதைகள், இறைச்சி ஆகியவற்றைச் சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதத்தோடு உறுப்பினர் தகுதியும் பறிபோகலாம். அம்மா பெட்டியில் என்ன வைத்தார் என்பதை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு, உணவு எதுவாக இருந்தாலும் அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள்தான் போகும்.

சிங்கப்பூருக்குத் தனித் திட்டம் எதிலும் சேர வேண்டியதில்லை. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அவர்களுடைய வருகை அட்டையை இணையத்தில் இலவசமாக நிரப்பினால், 2024 முதல் வெளிநாட்டவரும் முன்பதிவின்றித் தானியங்கி வழியில் போகலாம். ஜனவரியில் பிராங்பர்ட் ஜவுளிக் கண்காட்சிக்குப் போகிற கரூர்க்காரர்களுக்கு அப்படிப்பட்ட வசதி இல்லை. 2025 அக்டோபர் முதல் ஐரோப்பாவில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய நுழைவு முறை வந்திருப்பதால், முதல் முறை போகும்போது அடுத்த ரயிலுக்கோ விமானத்துக்கோ கூடுதல் நேரம் விட்டு முன்பதிவு செய்யுங்கள்.

பை சரியாக இருந்தால்

எந்தத் திட்டத்தில் இருந்தாலும் இந்தியாவில் கைப்பைச் சோதனை தவிராது. தட்டில் தனியாக வைக்க வேண்டிய லேப்டாப்பும் பவர் பேங்கும் பையின் மேல்பகுதியில் இருக்கட்டும். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. போட்டால் பெட்டியைத் திறக்க உங்களைத் திரும்ப அழைப்பார்கள். ஊத்துக்குளி நெய், ஊறுகாய், தேன், தேங்காய் எண்ணெய் ஆகியவை செக்-இன் பெட்டிக்குரியவை. காங்கேயம் பக்கத்துக் கொப்பரையை எதிலும் வைக்க வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் பயணிகள் விமானத்தில் அதற்கு அனுமதி இல்லை.

நெடுந்தூரம் நடக்க முடியாத பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்த ஒவ்வொரு முறையும், புதிய எண்ணைக் குளோபல் என்ட்ரி கணக்கில் திருத்தவும், இந்தியத் திட்டத்தில் மறுபடி விண்ணப்பிக்கவும் புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த வாரத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள்.