ஜாஸ் மறுபதிப்புகள்: ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள்

எல்பி உறையின் மேல் 'ரீமாஸ்டர்' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்துவிட்டால் பலர் அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. பழையதைவிட நன்றாகத்தான் இருக்கும் என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஜாஸ் சேகரிப்பில் அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். ஒரு பொறியாளர் ஏதோ ஒரு டேப்பை எடுத்து, தன் காதுக்குச் சரியென்று பட்டபடி சீர்செய்திருக்கிறார் என்பதற்கு மேல் அந்த ஸ்டிக்கர் எதையும் சொல்வதில்லை. எந்த டேப், எந்தப் பொறியாளர், என்ன செய்தார் என்ற மூன்றையும் விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

1990-களின் பிற்பகுதியிலிருந்து வந்த ரீமாஸ்டர் சிடிக்களில் பலவற்றைச் சத்தம் தூக்கலாகக் கேட்க வேண்டும் என்றே செய்திருப்பார்கள். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நசுக்கினால்தான் அது முடியும். ராக் பாட்டு அதை ஓரளவு தாங்கும், ஜாஸ் தாங்காது. டிரம்மர் பிரஷ்ஷால் ஸ்னேர் டிரம்மை வருடுவதும் அடுத்த கணமே குச்சியால் சிம்பலில் அறைவதும் ஒரே அளவில் கேட்டால் வாசிப்பில் என்ன மிஞ்சும்? கடையில் ஒரு நிமிடம் கேட்கும்போது பளிச்சென்று இருக்கும். வீட்டில் ஒரு பக்கம் முடிவதற்குள் காது களைத்துவிடும்.

பதிவு செய்த பொறியாளரே மறுபடி செய்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அதுவும் கூடாது. ப்ளூ நோட் நிறுவனத்தின் 1950-கள், 60-கள் இசைத்தட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். 1999-இலிருந்து அந்த டேப்புகளை அவரே மறுபடி மாஸ்டர் செய்து, அவர் பெயரிலேயே ஒரு சிடி வரிசை வந்தது. அதே மனிதர்தான், ஆனால் நாற்பது ஆண்டு கழித்து, வேறு கருவிகளோடு. அந்தச் சிடிக்கள் துருத்திக்கொண்டு கேட்கின்றன என்பவர்களும் உண்டு, அவற்றைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்பவர்களும் உண்டு. என் காதுக்கு அவற்றில் சாக்ஸஃபோன் நெருக்கமாகவும் பியானோ ஒடுங்கியும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறு, முதல் பதிப்புதான் உண்மையான பதிப்பு என்று அடித்துச் சொல்வது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாவது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. மார்ச் மாதப் பதிவின்போது பிரதான டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். எனவே எல்பியின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும் உண்மையில் வாசித்ததைவிடக் கூடிய சுருதியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தன. அன்றைக்கே சரியான வேகத்தில் ஓடிய பாதுகாப்பு டேப் ஒன்றும் இருந்தது. 1990-களில்தான் மறுபதிப்புக்கு அதை எடுத்தார்கள், சுருதியும் சரியானது. பெரும் விலை போகும் முதல் பதிப்பில் சுருதி தவறு, மலிவான மறுபதிப்பில் சுருதி சரி. இதைத் தெரிந்துகொண்டும் முதல் பதிப்பை வாங்குகிறவர் அதன் சரித்திரத்துக்காக வாங்கட்டும், அதில் தவறில்லை. ஒலிக்காக வாங்குவதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, ஒலியை எதிலிருந்து எடுத்தார்கள் என்ற கேள்வி. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை 2013 வரை ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. பிறகு எழுபதாக நீட்டினார்கள், ஆனால் அதற்குள் உரிமை முடிந்தவை முடிந்தவைதான். 1962 வரை வெளியான ஜாஸ் தட்டுகளை இதனால் யார் வேண்டுமானாலும் அங்கே அச்சிட்டு விற்கலாம். மாஸ்டர் டேப், அதாவது மூலப் பதிவு, அவர்கள் கையில் இருக்காது. சிடியிலிருந்து எடுத்து எல்பியாக வெட்டி (ஒலியைத் தட்டில் பள்ளமாகச் செதுக்கி), பளபளக்கும் உறையில் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். '180 கிராம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். தட்டின் எடைக்கும் அதன் பள்ளத்தில் வெட்டியிருக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லை. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மாஸ்டர் செய்தவர் பெயர் எங்குமே இல்லையென்றால் அதைத் திரும்ப வைத்துவிடலாம்.

பெயர் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ப்ளூ நோட்டே உதாரணம். 2019-இல் தொடங்கிய 'டோன் போயட்' வரிசையில் தட்டுகளை வெட்டியவர் கெவின் கிரே என்று தெளிவாக இருக்கும். அடுத்த ஆண்டு வந்த 'கிளாசிக்' வரிசைக்கும் அவரே. முதல் வரிசையில் உறை தடிமன், விரித்தால் உள்ளே பிரான்சிஸ் வுல்ஃபின் பெரிய புகைப்படங்கள். இரண்டாவதில் அவை கிடையாது, விலை குறைவு. படம் வேண்டாம், பாட்டு போதும் என்பவர் விலை உயர்ந்ததைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அனலாக் என்றால் உயர்வு, டிஜிட்டல் என்றால் தாழ்வு என்ற வாதத்திலும் அகப்பட்டுக்கொள்ளாதீர்கள். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் எல்பிக்கள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் நகலைப் பயன்படுத்தியது 2022-இல் தெரியவந்தபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். வாங்குகிறவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கோபம் நியாயம். ஆனால் அதே தட்டுகளைத்தான் பல ஆண்டுகளாக அனலாக் ஒலிக்கு எடுத்துக்காட்டு என்று பலர் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பழைய ப்ளூ நோட் தட்டுகளைத் தேடுகிறவர்கள் லேபிளை மட்டும் பார்த்து விலை பேசக் கூடாது. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் ஒரு வெற்று வளையம் இருக்கும். விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதில் பொறித்த எழுத்துகள் தெரியும். 'ஆர்விஜி' அல்லது 'வான் கெல்டர்' என்றிருந்தால் அவர் வெட்டியது. காது போல வளைந்த ஒரு சின்னக் குறியும் சேர்ந்திருந்தால், ப்ளூ நோட் 1966 வரை தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையில் வந்தது. பின்னாளைய மறுபதிப்புகள் சிலவற்றிலும் வான் கெல்டர் முத்திரை உண்டு. விலை நடுவில் உள்ளவை, ஒலியோ அருமை. புதிதாகச் சேர்ப்பவர்கள் குறிவைக்க வேண்டியவை அவைதான்.

1920-களின் 78 வேகத் தட்டுகளில் தவறு வேறு மாதிரி. இரைச்சலே இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பவர்கள் இசையையும் சேர்த்து இழக்கிறார்கள். கார்னெட் என்ற சின்ன ட்ரம்பெட்டை ஊதிய கிங் ஆலிவர் 1923-இல் இண்டியானாவின் ரிச்மண்டில் ஜெனெட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது மைக் கிடையாது, கூம்புக்கு முன்னால் நின்று ஊதினார்கள். உச்சஸ்தாயி ஒலி ஏற்கெனவே கொஞ்சம்தான், இரைச்சலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மென்பொருளால் இரைச்சலைத் துடைத்தால் கார்னெட்டின் கூர்மையும் கூடவே போய், தலையணைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். இங்கிலாந்தின் ஜான் ஆர்.டி. டேவிஸ் நகலெடுத்து மாற்றிக் கொடுத்த 78 தட்டுகளில் இரைச்சல் இருக்கும், அதன் பின்னால் ஆட்களும் இருப்பார்கள். ஐந்து நிமிடம் பொறுத்தால் காது இரைச்சலை ஒதுக்கிவிடும்.

'எலெக்ட்ரானிக் ஸ்டீரியோ' என்று உறையில் போட்ட 1960-கள், 70-களின் தட்டுகளைத் தொடவே வேண்டாம். மோனோவை இரண்டாகப் பிளந்து செய்த போலி ஸ்டீரியோ அது.

முழுத் தொகுப்புகள் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்த மூன்று டேக்குகளை அடுத்தடுத்து ஓடவிட்டு நண்பர்களை உட்காரவைப்பது தண்டனை. பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்தது முழுவதும் 2005-இல் மூன்று சிடிக்களாக வந்தது. அன்றைய முதல் உருப்படியின் நடுவே மின்சாரம் தடைப்பட்டுப் பதிவு அறுபடும் இடமும் அதில் அப்படியே இருக்கிறது. கண்ணாடிக் கோப்பைகளின் கிணுகிணுப்பும் பேச்சும் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த பதினொன்றாம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார் என்பது தெரிந்தவருக்கு ஒவ்வொரு டேக்கும் பொக்கிஷம். முதல்முறை கேட்கிறவருக்கு அன்று வெளியிடுவதற்கென்று தேர்ந்தெடுத்த எல்பியைப் போடுங்கள்.

நண்பர்களோடு இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது முதலில் ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடியிருந்தாலும் அதுவே 'தெளிவு' என்று காது ஏமாறும். ஃபோனில் இருக்கும் டெசிபல் மீட்டர் இதற்குப் போதும். எது எந்தப் பதிப்பு என்று போடுகிறவர் வாய் திறக்கக் கூடாது. விலையைச் சொன்ன பிறகு யார் காதும் நேர்மையாக இருப்பதில்லை.

இதற்கு என்னைக் கேட்டால் டியூக் எலிங்டன் 1956 ஜூலை 7 அன்று நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்ததைத்தான் எடுப்பேன். அவர் குழுவின் பால் கான்சால்வெஸ் டெனர் சாக்ஸில் பன்னிரண்டு பார் ப்ளூஸை 27 சுற்று ஊதினார். கறுப்பு உடையணிந்த ஒரு பெண் எழுந்து ஆட, கூட்டமே எழுந்துவிட்டது. ஆனால் கான்சால்வெஸ் ஊதியது எல்பிக்காகப் பதிவு செய்த கொலம்பியாவின் மைக்கில் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். அதனால் அன்றைய எல்பியில் அவர் எங்கோ தூரத்தில் நிற்பது போல இருக்கும். போதாததற்கு எலிங்டன் சில பகுதிகளை ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்கவைத்தார், கைத்தட்டலை ஒட்டிச் சேர்த்தார்கள். பிறகு வானொலியின் டேப் கிடைத்தது. இரண்டு மோனோ டேப்புகளையும் பொருத்தி ஸ்டீரியோவாக்கி 1999-இல் வெளியிட்டார்கள். இப்போது கான்சால்வெஸ் முன்னால் நிற்கிறார். புதியது வந்ததும் பழைய எல்பியை விற்றவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். 1956-இல் உலகம் கேட்டு மயங்கியது அந்தத் தூரத்து சாக்ஸைத்தான். எல்பியை முதலில் போடுங்கள், 1999 பதிப்பைப் பிறகு. மாற்றிப் போட்டால் எல்பியைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.