தண்ணீர் லாரியும் கவுன்சிலரும்: டர்பன் வீட்டில் ஒரு நையாண்டி அனிமேஷன்

2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டிலேயே செய்யும் ஒன்றரை நிமிட நையாண்டி அனிமேஷனுக்கு இப்படி ஊரே அறிந்த ஒரு விஷயம் போதும். மின்வெட்டையும் அதோடு சேர்த்தால் இரண்டுமே எடுபடாது.

யாரைச் சாடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாளியோடு வரிசையில் நிற்கும் ஆயாவின் நடையையோ, பக்கத்தில் நிற்கும் ஜூலுக்காரரின் பேச்சையோ கேலி செய்தால் அது வெறும் இளக்காரம். தண்ணீர் லாரி முன்னால் படம் எடுத்துக்கொண்டு, எடுத்ததும் லாரியை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடும் கவுன்சிலர்தான் இலக்கு. அவருக்குப் படம் நன்றாக விழவேண்டும். ஆயாவுக்கு வாளி நிறையவேண்டும். இது போதும், வேறு கதை தேவையில்லை. வசனம் 130 சொல்லுக்குள் நிற்கட்டும், மௌனத்துக்கும் இடம் வேண்டும்.

குரலை முதலில் பதியுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், எதிரொலி வராமல் சுற்றிலும் கம்பளி தொங்கவிடுங்கள். படத்தை முடித்துவிட்டுக் குரல் கொடுத்தால் உதடு ஒட்டாது.

1997இல் வந்த 'சௌத் பார்க்' என்ற அமெரிக்க நையாண்டி கார்ட்டூன் தொடரின் முதல் அத்தியாயம் காகித வெட்டுகளால் ஆனது. பிறகு அதே தோற்றத்தைக் கணினியில் கொண்டுவந்தார்கள். ஓர் அத்தியாயத்தை ஆறு நாளில் முடித்து அந்த வாரச் செய்தியையே பேச முடிந்தது. 'சிம்ப்ஸன்ஸ்' என்ற இன்னொரு கார்ட்டூன் தொடரின் அத்தியாயத்துக்குப் பல மாதம் பிடிக்கும். நமக்கு, உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டி அசைக்கும் இந்த வெட்டுமுறைதான் தோது. ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள்கள் இரண்டும் இலவசம்.

தலை, உடல், கை, கண், வாய் எல்லாம் தனித்தனி லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்). கையின் மேல்முனையை வட்டமாக வரைந்து தோளுக்குள் கொஞ்சம் நுழைத்து வையுங்கள். இல்லையென்றால் கை தூக்கும்போது இடைவெளி பல்லிளிக்கும். வாய் ஆறு போதும்: மூடியது (ம, ப), அகன்று திறந்தது (ஆ), பக்கவாட்டில் நீண்டது (இ, எ), குவிந்தது (உ, ஓ), கீழுதட்டில் பல் பட்டது (வ), நாக்கு தெரிவது (ல, த). நொடிக்கு 24 பிரேம் (அசையாத தனிப்படம்) வைத்து, ஒவ்வொரு வாயையும் குறைந்தது இரண்டு பிரேம் நிறுத்துங்கள். வாய் ஒலிக்கு ஒரு பிரேம் முந்தலாம், பிந்தக்கூடாது. ம, ப வரும்போது உதடு மூடாவிட்டால் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லாப் பாத்திரத்தையும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். கேட்பவர் கண் சிமிட்டினால் போதும். கவுன்சிலர் பேசி முடித்ததும் 12 பிரேம் எதுவும் அசையவேண்டாம்; ஆயா காலி வாளியைப் பார்ப்பது அப்போதுதான் உறைக்கும்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு கலைச் சுதந்திரத்தைக் காக்கிறது. ஆனால் இனம், பால், மதம் சார்ந்த வெறுப்பைப் பரப்பி, தீங்கு செய்யத் தூண்டும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டகத்தின் கீழே ஆறில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். தமிழ் புரியாத நம் பிள்ளைகளுக்காக ஆங்கில வசனவரி அங்கே வரவேண்டும்.