கியர் சரியாக விழவில்லையா? எச், எல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்

ரோடு சைக்கிளில் கியர் தடுமாறினால், பலருக்கும் கை முதலில் போவது, செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் நகர்த்தும் பின் டீரெய்லரில் இருக்கும் எச், எல் என்ற இரண்டு ஸ்க்ரூக்களுக்குத்தான். அவை வெறும் எல்லைக் கற்கள். செயின் கடைசிப் பல்சக்கரத்தைத் தாண்டி ஃபிரேம் பக்கமோ ஸ்போக் பக்கமோ விழாமல் தடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. நடுக் கியர்களின் தகராறுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. நேற்று வரை ஒழுங்காக ஓடிய சைக்கிளில் அவை தாமாகத் திரும்பியிருக்கப் போவதும் இல்லை.

முதலில் கவனிக்க வேண்டியது, எந்தப் பக்கம் மாறும்போது திணறுகிறது என்பதை. பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுவது கேபிளின் இழுப்பு. சின்னதற்கு இறக்குவது டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஏறத் தயங்கினால் கேபிள் தொய்ந்திருக்கிறது. இறங்கத் தயங்கினால் கேபிள் அளவுக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது, அல்லது வெளிக்குழாயான அவுட்டருக்குள் உரசி ஸ்பிரிங்கின் பலத்தைத் தின்கிறது. சின்னப் பல்சக்கரங்களில் சரிசெய்தால் பெரியவற்றில் கெடுகிறது, அதைச் சரிசெய்தால் இது கெடுகிறது என்றால் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கரைச் சந்தேகப்படுங்கள்.

சக்கரம், பிறகு ஹேங்கர்

பின்சக்கரம் ஃபிரேமில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பஞ்சர் ஒட்டிவிட்டு அவசரமாக மாட்டிய சக்கரம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே கியர் கெட்டுப்போகும்.

அடுத்தது ஹேங்கர். டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் இந்தச் சின்னத் துண்டு பெரும்பாலும் அலுமினியம். அடி பட்டால் ஃபிரேமுக்குப் பதில் இது வளையட்டும் என்றே மெலிதாகச் செய்கிறார்கள். சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் போதும், காரில் படுக்க வைத்துக் கொண்டு போனால்கூடப் போதும். செயினைச் சின்னப் பல்சக்கரத்தில் போட்டு, சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து, கண் மட்டத்தில் பாருங்கள். டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்தின் கீழே ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஸ்போக் பக்கம் ஒதுங்கியிருந்தால் ஹேங்கர் உள்வாங்கிவிட்டது.

லேசான வளைவு கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று ஹேங்கர் கேஜ் இருக்கிறது. டீரெய்லரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜைத் திருகி, ரிம்மின் மேல், கீழ், முன், பின் என நான்கு இடங்களில் இடைவெளியை ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வரும்வரை மெதுவாக நிமிர்த்தலாம். மோசமாக மடிந்ததை நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள். அலுமினியம் திரும்ப வளைக்கும்போது விரிசல் விடும். ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறுபடும். ஆகவே உங்கள் ஃபிரேமுக்கு உரியது ஒன்றை முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுவைப்பது நல்லது.

கேபிள் இழுப்பு

11 ஸ்பீடு காசெட்டில், அதாவது 11 பின் பல்சக்கரங்களின் அடுக்கில், ஒரு பல்சக்கரத்திலிருந்து (சுருக்கமாகப் பல்) அடுத்ததற்கு ஏறக்குறைய 3.7 மி.மீ.தான். அரை மி.மீ. பிசகினாலே சத்தம் வரும். எனவே கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகான பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

1. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, செயினை மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள்.
2. பெடலைச் சுற்றிக்கொண்டே, ஹேண்டில்பாரில் இருக்கும் கியர் லீவரான ஷிஃப்டரை ஒரு கிளிக் அழுத்துங்கள். செயின் இரண்டாவது பல்லுக்கு உடனே ஏற வேண்டும்.
3. ஏறவில்லையா? பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அட்ஜஸ்டரைக் கால் சுற்றுத் திருப்புங்கள். இழுப்பு கூடும்.
4. இரண்டைத் தாண்டி மூன்றுக்கு ஓடினால், கடிகார முள் திசையில் திருப்புங்கள்.

ஷிமானோ ஷிஃப்டரில் நுணுக்கமாகச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. செயின் இரண்டாவது பல்லில் ஓடும்போது, லீவரை அதன் ஆட்டம் தீரும் அளவுக்கு மட்டும், கிளிக் விழாமல், அழுத்திப் பிடியுங்கள். செயின் மூன்றாவது பல்லை லேசாக உரசிக் "கிர்" என்று சத்தம் போட வேண்டும், ஏறிவிடக் கூடாது. விட்டதும் சத்தம் அடங்கிவிட்டால் இழுப்பு சரி.

புதுக் கேபிள் போட்ட சில நாளில் மறுபடி தொய்வது சகஜம். அவுட்டரின் முனைகள் தத்தம் இடத்தில் அழுந்தி உட்காருகின்றன. கம்பி நீண்டுவிட்டதென்று எல்லாரும் சொல்வார்கள், நீளுவது சொற்பம். ஒருமுறை அட்ஜஸ்டரைத் திருப்பினால் நின்றுவிடும்.

நிற்காமல் தினமும் தொய்கிறது என்றால் விஷயம் வேறு. ஷிஃப்டருக்குள், கேபிளின் தலைக்குப் பக்கத்தில், கம்பி சட்டென்று வளைகிறது. அந்த இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஒவ்வொன்று அறும்போதும் கேபிள் கொஞ்சம் தளரும். நீங்கள் அட்ஜஸ்டரைத் திருப்பித் திருப்பி அதை மறைத்துக்கொண்டிருப்பீர்கள். ரப்பர் மூடியைச் சுருட்டிப் பாருங்கள். ஒரு இழை பிரிந்து நின்றாலும் அன்றைக்கே மாற்றுங்கள். முழுதாக அறுந்துவிட்டால் தலைப்பகுதி ஷிஃப்டருக்குள் மாட்டிக்கொள்ளும், எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

டீரெய்லரில் கேபிளைப் பிடிக்கும் போல்ட்டையும் பாருங்கள். அங்குள்ள பள்ளத்தில் கம்பி படியாமல் போல்ட்டின் மறுபக்கம் போயிருந்தால் இழுப்பின் அளவே மாறிவிடும். எவ்வளவு திருகினாலும் எல்லாப் பல்லுக்கும் ஒத்துவராது. இறுக்கம் 6 முதல் 7 நியூட்டன் மீட்டர்.

உரசல்

இறங்குவது மட்டும் மந்தமாக இருந்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்திப் பாருங்கள். பலனில்லையென்றால் அவுட்டர்தான் காரணம். டீரெய்லருக்கு முன்னால் வளைந்து வரும் கடைசித் துண்டில்தான் தண்ணீரும் மண்ணும் அதிகம் சேரும். பெடல் தண்டுகளின் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்குக் கீழே கேபிள் திரும்பும் பிளாஸ்டிக் வழித்தடத்திலும் பாட்டிலிலிருந்து ஒழுகிய சர்க்கரைத் தண்ணீர் பிசினாகக் காய்ந்திருக்கும்.

மாற்றும்போது கியருக்கென்றே வரும் 4 மி.மீ. அவுட்டரை வாங்குங்கள். அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் அமுங்காது. 5 மி.மீ. பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாக இருக்கும். கியருக்குப் போட்டால் ஒவ்வொரு கிளிக்கிலும் அமுங்கிக் கணக்கைக் கெடுக்கும். வெட்டிய முனையை அரத்தால் சமமாகத் தேய்த்து, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழாயை ஊசியால் திறந்துவிடுங்கள். இந்த அரை நிமிட வேலையை விடுவதால்தான் பாதிப் புதுக் கேபிள்கள் பழையதைப் போலவே நடந்துகொள்கின்றன.

அழுத்தி மிதிக்கும்போது நழுவுகிறதா?

ஸ்டாண்டில் சரியாக மாறி, மேட்டில் எழுந்து மிதிக்கும்போது செயின் பல்லைத் தாண்டி நழுவினால் கேபிளை விட்டுவிட்டுச் செயினை அளந்து பாருங்கள். புதுச் செயினில் 24 இணைப்பு, ஒரு இணைப்பாணியிலிருந்து இன்னோர் இணைப்பாணி வரை அளந்தால், 304.8 மி.மீ. 11, 12 ஸ்பீடு செயின் சுமார் 1.5 மி.மீ. கூடினாலே மாற்ற வேண்டும். 10 ஸ்பீடு வரை 2.3 மி.மீ. பொறுக்கலாம். புதுச் செயின் போட்ட பிறகு நழுவத் தொடங்கினால் காசெட்டின் பற்கள் தேய்ந்துவிட்டன. சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் என்றால் எங்கோ ஒரு இணைப்பு விறைத்திருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால், டீரெய்லரின் குட்டிச் சக்கரத்தைக் கடக்கும்போது அது நிமிராமல் எழும்பித் தெரியும்.

முன் டீரெய்லர்

இதில் பாதி வேலை பொருத்தும் இடத்தில்தான். செயினைத் தள்ளும் கூண்டின் வெளித்தகடு, பெரிய செயின்ரிங்கின் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தின்) பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. உயரத்தில், அதற்கு இணையாக நிற்க வேண்டும். கோணல் என்றால் ஸ்க்ரூக்கள் உதவாது. பெரிய ரிங்கும் பெரிய பல்சக்கரமுமாக ஓட்டும்போது வரும் உரசலுக்கு ஷிஃப்டரில் அரைக் கிளிக் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் உண்டு.

கேபிள் வழியில் அறுந்தால்

எச், எல் ஸ்க்ரூக்களுக்கு நிஜமாகவே வேலை வருவது டீரெய்லரையோ சக்கரத்தையோ மாற்றும்போது. மற்றபடி, நடுவழியில் பின் கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் செயினை மிகச் சின்னப் பல்லுக்கு இழுத்துவிடும்; மேட்டில் மிதிக்க முடியாது. அப்போது டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு எச் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஒன்றிரண்டு பல் மேலே செயின் நிற்கும், வீடு வரை மிதித்துவிடலாம். எத்தனை சுற்றுத் திருகினீர்கள் என்று எண்ணி வையுங்கள். புதுக் கேபிள் போட்டதும் அத்தனையையும் திருப்பிக் கழற்ற வேண்டும்.