தலைக்கு மேல் வேலை இருக்கும்போது செய்யக் கூடாதவை

கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை என்று இருக்கிறவர்கள் ஏராளம். தூரம் என்னவோ 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஏறி, முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து போய், மாலையில் அதே வழியில் திரும்பி வந்தால் பாதித் தெம்பு சாலையிலேயே போய்விடும். மீதியில்தான் சமையல், பிள்ளைகள் படிப்பு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, குழுக் கடன், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம். ‘ஒன்னுமே ஓட மாட்டேங்குது’ என்று சொல்லாத ஆள் அந்தப் பேருந்தில் குறைவு.

இந்த நிலையில் நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். சுமை எவ்வளவு என்று எண்ணிப் பார்க்காமல், சுமக்கிற ஆளைத் திருத்தப் பார்க்கிறோம்.

அதிகாலை 4:30க்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று யாரோ யூடியூபில் சொல்கிறார். உடனே அலாரம், யோகா வகுப்பு, புது டைரி, வெந்நீரில் எலுமிச்சை. யோகாவும் நல்லதுதான், நடைப்பயிற்சியும் நல்லதுதான், மறுப்பில்லை. ஆனால் நிரம்பி வழிகிற குடத்தில் இன்னும் இரண்டு சொம்பு ஊற்றி என்ன பயன்? நாலு நாள் செய்து ஐந்தாம் நாள் விட்டதும், ‘என்னால இதுகூட முடியல’ என்ற குற்ற உணர்ச்சியும் கூடவே வந்து சேரும். எதையாவது வெளியே எடுத்த பிறகுதான் புதிதாக ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். புதுச்சேரியில் இந்த மோகம் கொஞ்சம் அதிகம். அமைதி தேடி வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும் ஊர் அல்லவா? மூன்று நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு ஒத்துவருவது, இங்கே ரேஷன் கார்டு வைத்திருக்கிறவருக்கும் ஒத்துவர வேண்டும் என்று இல்லை.

எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருப்பது

‘எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்’ என்பவர்கள்தான் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறார்கள். முடித்த வேலையைவிட பாதியில் நின்ற வேலை அதிகமாக நினைவில் தங்குகிறது என்று 1927இல் பிளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். பின்னால் வந்த எல்லாச் சோதனைகளிலும் அது அப்படியே வரவில்லை. ஆனால் 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு நம் வீட்டுக்கும் பயன்படும். வேலையை முடிக்கவே வேண்டாம், எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று தெளிவாகக் குறித்தாலே அது நடுவில் வந்து தொந்தரவு செய்வது குறைகிறதாம். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து ஒரு சிறிய சோதனை நடந்தது. படுக்கப்போகும் முன் 5 நிமிடம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள்.

இதற்குச் செயலி எதுவும் வேண்டாம், காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர், ஒரு ஞாயிறு ராத்திரி எழுதிய தாள் இது: ‘கேஸ் புக் பண்ணணும். அத்தைக்கு மாத்திரை வியாழன் வரைதான். பையன் டியூஷன் ஃபீஸ். மிக்ஸி ஜார் பிளேடு. பண்ருட்டி வளைகாப்பு. குழுக் கடன் புதன். டேங்க் கழுவணும். தம்பிகிட்ட பேசணும்.’

பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேஸ் ஒரு மிஸ்டு காலில் முடியும். மிக்ஸி ஜார் ஒரு மாதம் காத்திருந்தாலும் குடி முழுகாது. டேங்க்கைப் பத்தாவது படிக்கிற பையனும் அப்பாவும் கழுவலாம். கடைசி வரிதான் விஷயமே. அது ஒரு வேலை மாதிரி தெரிந்தாலும் வேலை இல்லை, அம்மா வீட்டுப் பாகப்பிரிவினை. மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தது. அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது அதுதான், பழி மட்டும் சமையல் மேலும் பேருந்து மேலும் விழுந்துகொண்டிருந்தது. எழுதிப் பார்க்காமல் இது தெரிய வழியே இல்லை.

எழுதுவதிலும் ஒரு தவறு உண்டு. ‘தம்பி’ என்று ஒரே சொல்லில் எழுதினால் அது மறுபடியும் மனசுக்குத்தான் திரும்பும். ‘சனிக்கிழமை காலையில் போன் போட்டு, பத்திரப் பதிவு எப்போ வைக்கலாம்னு மட்டும் கேட்கணும்’ என்று எழுத வேண்டும். நாள், நேரம், முதல் அடி மூன்றும் இருந்தால்தான் மனசு அதைக் கீழே வைக்கும்.

‘பார்க்கலாம்’ என்று சொல்லிவைப்பது

வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம். வைகாசி, ஆவணி வந்துவிட்டால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பத்திரிகை. மறுக்கவும் மனசு வராது, போகவும் தெம்பு இருக்காது. அதனால் ‘பார்க்கலாம்க்கா’ என்கிறோம். மறுப்பதைவிட இது மோசம். அந்த நாள் வரும்வரை போவதா வேண்டாமா என்ற யோசனையை வேறு சுமக்க வேண்டும், கூப்பிட்டவருக்கும் நிச்சயம் கிடையாது.

என் கருத்து இது. சாவுக்கும், உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கவும் நேரில் போய்த்தான் ஆக வேண்டும், அதற்கு ஈடு எதுவும் இல்லை. தூரத்துச் சொந்தத்தில் நடக்கிற காதுகுத்து என்றால், நாலு நாள் முன்னதாகவே போன் செய்து, மனசாரப் பேசி, மொய்யை ஜிபேயில் அனுப்பிவிடலாம். தப்பாக நினைப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் நீங்கள் நேரில் போனாலும் ‘சாப்பிடாம போயிட்டா’ என்று ஏதாவது சொல்லுவார்கள்.

வேலையைக் கொடுத்துவிட்டு பொறுப்பை வைத்துக்கொள்வது

இந்தியாவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். இதில் யோசிக்கிற வேலை தனிக் கணக்காகத் தெரியாது. ‘சொன்னா செய்வேன்ல’ என்பார் வீட்டுக்காரர். என்ன தீர்ந்துபோனது, எப்போது வாங்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொல்வதும் ஒரு வேலைதான்.

பாதி பாதியாகப் பிரிக்காமல், ஒரு வேலையை முழுசாகக் கை மாற்றிவிடுங்கள். டியூஷன் என்றால் ஃபீஸ், கூட்டிப்போவது, வாத்தியாரிடம் பேசுவது எல்லாமே அவர் பாடு. முதல் மாதம் ஃபீஸ் தேதியை மறப்பார், மறக்கட்டும். ஓடிப்போய்க் கட்டிவிட்டால் பொறுப்பு மறுபடியும் உங்கள் மடியில்தான் வந்து விழும். வெளியே தள்ளிவிட முடிகிற வேலைகளும் உண்டு. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கடலூர் பக்கம் இருப்பவர்கள் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசை மிச்சமாகலாம்.

கடன் கவலைக்கு மூச்சுப் பயிற்சி

படபடப்புக்குக் காரணம் புதன்கிழமைத் தவணை என்றால், எத்தனை முறை மூச்சை இழுத்து விட்டாலும் அடுத்த புதன்வரைதான் தாங்கும். குழுக் கடன் வாங்கியவர்களில் பலருக்குத் தங்கள் பக்கம் விதிகள் இருப்பதே தெரியாது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குக் குழுக் கடன் போன்ற நுண்கடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பம் கட்டுகிற எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. அசிங்கமாகப் பேசுவதும் மிரட்டுவதும் கூடாது. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்வதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. சேரும் முன் எல்லாத் தவணையையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

தூக்கத்தைக் கடன் வாங்குவதும் கிட்டத்தட்ட இதே கதை. வீடு அடங்கிய பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் தனக்கானது என்று போனோடு உட்காருகிறோம். ஆசை நியாயமானது, நேரம்தான் தப்பு. மாலை 6 மணிக்குக் குடிக்கிற காபியில் பாதி வீரியம் 11 மணிக்கும் உடம்பில் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ‘ரெண்டு ரவுண்டு போட்டாதான் தூக்கம் வருது’ என்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சரக்கு சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்தும் விடும். பாண்டியில் விலை குறைவு என்பதால் அதன் விளைவு குறைந்துவிடாது.

அப்புறம் லீவு. ‘லீவு வரட்டும், ஓய்வெடுக்கலாம்’ என்று தள்ளிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி, போனதைவிடக் களைப்பாகத் திரும்புகிறோம். கடலூரில் இருந்துகொண்டு புதுச்சேரியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஆகஸ்ட் 16ம் நவம்பர் 1ம் புதுச்சேரிக்கு அரசு விடுமுறை, தமிழ்நாட்டில் பள்ளி நடக்கும். அது வார நாளாக வந்து, உங்கள் அலுவலகமும் லீவு விட்டால், வீட்டில் யாரும் இல்லாத ஒரு முழுப் பகல் உங்களுக்குக் கிடைக்கும். அதில் பேங்க், ஈ.பி. என்று எதையும் போட்டு நிரப்பாதீர்கள்.

இதே இரண்டு அரசு ஏற்பாடு மழைக்காலத்தில் நமக்கு எதிராகத் திரும்பும். கடலூரில் பள்ளிக்கு லீவு விட்டிருப்பார்கள், புதுச்சேரியில் அலுவலகம் இருக்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30இல் வந்தது, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30இல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வழக்கமான அட்டவணை ஓடாது என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அது ஓடும் என்று நினைத்துத்தான் திட்டம் போடுகிறோம். சீட்டு எடுப்பது, வீடு மாறுவது, பெரிய விசேஷம் எல்லாவற்றையும் அந்த மூன்று மாதத்துக்கு வெளியே வையுங்கள். மழை நாளில் பிள்ளையை யார் வீட்டில் விடுவது என்று செப்டம்பரிலேயே பேசி வையுங்கள்.

கடைசியாக, உடம்பு சொல்வதை மனசின் பலவீனம் என்று நினைத்துவிடுவது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எதிலும் கவனம் நிற்கவில்லை என்றால், முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை, சோம்பல் இல்லை.

ரத்தத்தில் குறை எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, சாகலாமா என்றுகூடத் தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். சாவு எண்ணம் வந்துவிட்டால் இரண்டு வாரக் கணக்கும் கிடையாது, அன்றைக்கே பேச வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது ‘டென்ஷனா இருக்கு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நாளாக, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு எவ்வளவு, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று அதே காலண்டர் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே கிடைக்கிற சில நிமிடங்களில் பாதி விஷயம் மறந்துபோகும்.