வீட்டிலேயே பரிசுச் சக்கரம்: பெயாரிங் முதல் நாக்கு வரை

பாடசாலைக் கானிவல், அலுவலக ஆண்டிறுதி ஒன்றுகூடல், பிறந்தநாள் என்று எதுவானாலும், சுழற்றிவிடும் பரிசுச் சக்கரம் ஒன்று இருந்தால் கூட்டம் அதைச் சுற்றித்தான் நிற்கும். செய்யப் புறப்படுகிறவர்கள் பலர் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். நிறம் கடைசி வேலை. சக்கரம் நன்றாகச் சுற்றுவதும், எந்தக் கட்டத்துக்கும் ஓரவஞ்சனை காட்டாமல் நிற்பதும் நடுவிலுள்ள பெயாரிங் (குண்டுகள் உருளும் இரும்பு வளையம்), எடைச் சமநிலை, மேலே தொங்கி முளைகளில் தட்டும் நாக்கு ஆகிய மூன்றின் கையில் இருக்கின்றன.

அளவும் கட்டங்களும்

விட்டம் 60 செ.மீ. போதும். 8 × 4 அடி பிளைவூட்டில் கால்பங்கு (4 × 2 அடி) வாங்கினால் சக்கரமும் நடுத் துண்டுகளும் அதிலேயே வந்துவிடும். ஓட்டோவின் பின்சீட்டிலும் ஏற்றலாம். 12 மி.மீ. தடிப்பு எடுங்கள். எம்.டி.எஃப். மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் கொழும்பின் ஈரப்பதனில் அதன் விளிம்பு ஊதிவிடும்.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியான ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ சக்கரத்தில் 24 கட்டங்கள். 60 செ.மீ. சக்கரத்தில் அத்தனை போட்டால் ஒரு கட்டத்தின் அகலம் ஏழு செ.மீ. சொச்சம்தான், எழுத்து தூரத்திலிருந்து தெரியாது. 12 கட்டம் வசதி. அதை வரையப் பாகைமானியும் வேண்டாம்.

வாங்க வேண்டியவை

- 12 மி.மீ. பிளைவூட், 4 × 2 அடி
- 6201 பெயாரிங் 2 (உள்விட்டம் 12, வெளிவிட்டம் 32, அகலம் 10 மி.மீ.)
- 12 மி.மீ. மரைக் கம்பி, 150 மி.மீ. நீளம், சாதாரண நட் 2, நைலோன் நட் 1, வாஷர் 2
- தளபாட வேலைக்கு விற்கும் 8 × 40 மி.மீ. மர டவல் (உருளைக் குச்சி) 12, இவைதான் நாக்கு தட்டும் முளைகள்
- 2 × 2 அங்குல மரம்: 165 செ.மீ. ஒன்று, 75 செ.மீ. இரண்டு, 50 செ.மீ. இரண்டு
- பைண்டர் கம், சாண்ட் பேப்பர், சீலர், பெயின்ட்

ஆணி, நட், மரைக் கம்பி எல்லாம் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் முடியும். பெயாரிங்குக்கு வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது வேண்டாம், தகர மூடி உள்ளதை எடுங்கள். ரப்பர் உரசிச் சுழற்சியைத் தின்னும். நீளமான போல்ட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் நுனியில் மட்டும்தான் மரை இருக்கும், நமக்கோ நடுவிலும் நட் ஏற வேண்டும்.

வட்டம்

நூலைக் கட்டி வட்டம் போடாதீர்கள், நூல் இழுபடும். ஒரு மெல்லிய சட்டத்தில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் ஆணி, மற்றதில் பென்சில் வையுங்கள். வட்டம் வரைந்ததும் அதே 30 செ.மீ. அளவை விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் போனால் சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கு வருவீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் பாதியாக்கினால் 12 கோடு. அதே மையத்திலிருந்து 28 செ.மீ. ஆரையில் இன்னொரு வட்டம் போடுங்கள், முளைகள் அதில் வரும்.

ஜிக்சோவால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுங்கள். வெட்டுவதைத் தச்சு பாஸ் ஒருவரிடம் கொடுத்தாலும் மையத் துளையை முதலில் நீங்களே போட்டுக் கொடுங்கள். மையம் 1 மி.மீ. விலகினாலும் சக்கரம் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியும்.

நடுப்பகுதி

அவசரம் கூடாத இடம் இது. ஒற்றைப் பெயாரிங் போட்டால் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும். இரண்டு வேண்டும், இடையில் இடைவெளியும் வேண்டும். மிச்சப் பிளைவூட்டில் 15 செ.மீ. விட்டத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். சக்கரத்திலும் ஒரு துண்டிலும் 32 மி.மீ. துளை, மற்றத் துண்டில் 25 மி.மீ. துளை. 25 மி.மீ. துண்டு நடுவில் வரும்படி மூன்றையும் ஒட்டினால் மொத்தம் 36 மி.மீ. தடிப்பு. இரண்டு பக்கமும் பெயாரிங் உட்காரும், நடுத் துண்டின் விளிம்பு அவற்றை உள்ளே போகாமல் தடுக்கும்.

துளை வெட்டும் 32 மி.மீ. வட்ட வாளால் முதலில் கழிவுத் துண்டில் வெட்டிப் பாருங்கள். இறுக்கமென்றால் சாண்ட் பேப்பரால் இரண்டு சுற்று, தளர்வென்றால் பெயாரிங்கைச் சுற்றி ஒரு தாள் பட்டை. பசை காயுமுன் பெயாரிங் இரண்டையும் வைத்துக் கம்பியைச் செருகிவிடுங்கள். மூன்று துண்டின் மையமும் தானாக நேராகும். சுத்தியலால் அடிக்க வேண்டாம். உள் வளையத்தில் விழும் ஒவ்வொரு அடியும் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் போடும். வெளி வளையத்தில் மரத்துண்டு வைத்துக் கிளாம்பால் அழுத்துங்கள்.

பெயாரிங்குக்குள் கிரீஸ் இருக்கும். அது வேகமாக ஓடும் மோட்டருக்கானது. வைப்பதற்கு முன் மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுழற்றிக் கழுவி, உலர்ந்ததும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். கிரீஸ் போனால் துரு வரும் என்பதால், வெள்ளவத்தை மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் அவ்வப்போது ஒரு துளி விட மறக்கக்கூடாது.

தூணும் பொருத்துதலும்

75 செ.மீ. மரங்கள் இரண்டையும் சிலுவையாக வைத்து அதன்மேல் 165 செ.மீ. தூணை நிறுத்தி, 50 செ.மீ. துண்டுகளால் சாய்வாக முட்டுக் கொடுங்கள். தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் 12 மி.மீ. துளை. கம்பியை இரும்பு வாளால் வெட்டுமுன் அதில் ஒரு நட்டை ஏற்றிவிடுங்கள். வெட்டியபின் அதைக் கழற்றும்போது நுனி மரை தானாகச் சீராகும்.

வரிசை இது: பின்நட், வாஷர், தூண், வாஷர், முன்நட், பிறகு சக்கரம், கடைசியில் நைலோன் நட். பெயாரிங்கைத் தொடுவது நட் மட்டுமே, அங்கே வாஷர் போடக்கூடாது. 12 மி.மீ. வாஷர் அகலமாக இருப்பதால் தகர மூடியில் உரசும், பெயாரிங் பழுதென்று நினைத்துப் புதிது வாங்க ஓடுவீர்கள். நைலோன் நட்டை ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, கால் சுற்றுத் திருப்பித் தளர்த்துங்கள். மேலும் இறுக்கினால் இரண்டு உள் வளையமும் நெருங்கிக் குண்டுகள் பிடித்துக்கொள்ளும்.

சமநிலை

முளைகளான டவல்களை 28 செ.மீ. வட்டமும் கோடுகளும் வெட்டும் இடங்களில் ஒட்டி, இரண்டு முகத்துக்கும் சீலரும் பெயின்ட்டும் அடித்த பிறகு இதைச் செய்யுங்கள், பெயின்ட்டுக்கும் எடை உண்டு. ஒரு முகத்துக்கு மட்டும் அடித்தால் மற்ற முகம் ஈரத்தை இழுத்துச் சக்கரம் வளையும்.

நாக்கு இல்லாமல் மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கட்டம் கீழே வந்து நின்றால் பாரம் அங்கே. நேரெதிரே, பின்பக்க விளிம்பில் வாஷர்களை டேப்பால் ஒட்டிப் பாருங்கள். எங்கே கை எடுத்தாலும் அங்கேயே நிற்கும்வரை கூட்டிக் குறைத்து, பிறகு திருகாணியால் நிரந்தரமாக்குங்கள். சமநிலை சரியென்றால் கூடத்தின் தரை கொஞ்சம் சரிந்திருந்தாலும் பாதகமில்லை.

நாக்கு

பிளாஸ்டிக் எஞ்சின் ஒயில் கானின் பக்கச்சுவரிலிருந்து 15 மி.மீ. அகலத்தில் பட்டை வெட்டுங்கள். தூணின் மேற்பகுதியில், சக்கர விளிம்புக்குச் சற்று மேலே, 7 செ.மீ. முன்னுக்கு நீட்டிய மரக்கட்டையில், தட்டையான முகம் முளையைப் பார்க்கும்படி அதை மாட்டுங்கள். கட்டையிலிருந்து 5 செ.மீ. தொங்கி, முளையின் மேல்விளிம்புக்கு 8 மி.மீ. கீழே வர வேண்டும். திருகாணித் துளையை நீளவாக்கில் வெட்டினால் ஏற்றி இறக்கலாம்.

சக்கரம் சட்டென்று நின்று பின்னால் துள்ளினால் நாக்கு தடிப்பு அல்லது நீளம் கூட. சத்தமே இல்லாமல் வழுக்கினால் நீளம் போதாது. கடைசி முளையைத் தாண்ட முடியாமல் சற்றுப் பின்வாங்கி நிற்பது இயல்பு, அந்த இழுபறிக்காகத்தானே எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

இனி 60 முறை சுழற்றிக் குறித்துக்கொள்ளுங்கள், வேகத்தை மாற்றி மாற்றி. சராசரி ஒரு கட்டத்துக்கு 5. ஏதாவது ஒன்று 9 வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 12 தாண்டினால் சமநிலையை மறுபடி பாருங்கள். பரிசு வாங்குமுன் இன்னொரு கணக்கு: 100 பேர் சுழற்றினால் ஒற்றைக் கட்டத்துப் பெரிய பரிசு எட்டுப் பேருக்குப் போகும். ஒன்றுதான் இருக்கிறதென்றால், அந்தக் கட்டம் அடுத்தடுத்து இரண்டு முறை விழ வேண்டும் என்று விதி வையுங்கள். வாய்ப்பு 144இல் 1 ஆகிவிடும்.

நாக்கு தேயும். நாலு பட்டை கூடுதலாக வெட்டி ஓர் உறையில் போட்டு வையுங்கள், ஆனால் உறையைச் சக்கரத்தின் முதுகில் ஒட்டிவிடாதீர்கள், தூணில் ஒட்டுங்கள்.