ஹால் சுவருக்கு அடர் சிவப்பு அடிப்பது எப்படி?

முதலில் காலண்டரைப் பாருங்கள். செங்கோட்டையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துகொண்டே இருக்கும், கொடியில் போட்ட துணியே காயாத நாட்களில் சுவர் எங்கே காயும்? எனக்குச் சரிப்பட்டது பிப்ரவரி, மார்ச்தான்.

நாலு சுவருக்கும் அடிக்காதீர்கள், வீடு இருண்டுவிடும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் தரையே ரெட் ஆக்ஸைடுச் சிவப்பு. ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒன்று போதும்.

சுவரைத் தடவிப் பாருங்கள். பழைய சுண்ணாம்பு மாவு மாதிரி கையில் ஒட்டினால் முழுக்கச் சுரண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே அடிப்பது பொருக்குப் பொருக்காக உதிரும். அப்புறம் ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்துவிடுங்கள்.

அடுத்தது பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு. நான் கோட்டை விட்டது இங்கேதான். வெள்ளை பிரைமர் மேல் சிவப்பை ஓட்டினேன், இரண்டு கோட் ஆகியும் திட்டுத்திட்டாக வெள்ளை தெரிந்தது. ஆச்சி பார்த்துவிட்டு, "என்னட்டி, சுவத்துக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள். விஷயம் என்னவென்றால், வெளிர் நிறங்களில் அடியில் உள்ளதை மறைப்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடி. அடர் சிவப்பில் அதைப் போட்டால் ரோஸ் ஆகிவிடும் என்பதால், அது கிட்டத்தட்ட இல்லாத பேஸில்தான், அதாவது நிறம் சேர்க்காத அடிப்படைப் பெயிண்டில்தான், கடையில் கலர் கலக்குவார்கள். அதனால் பிரைமரிலேயே சாம்பல் நிறம் கலந்து வாங்குங்கள், அதன்மேல் சிவப்பு சீக்கிரம் பிடிக்கும்.

பத்துக்குப் பத்து அடி சுவருக்கு மூன்று கோட், மூன்று லிட்டர். எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குங்கள், டப்பாவுக்கு டப்பா சாயல் லேசாக மாறும், சிவப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மினுமினுப்பே இல்லாத மேட் பெயிண்ட் வேண்டாம், நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும். கழுவக்கூடிய, லேசான மினுமினுப்புள்ளதாகப் பாருங்கள்.

சீலிங் ஓரமாக டேப் ஒட்டிவிட்டு, ஓரங்களை இரண்டு இஞ்ச் பிரஷ்ஷால் முடித்து, அது ஈரமாக இருக்கும்போதே ரோலரை ஓட்டுங்கள். போன் அடித்தாலும் பாதிச் சுவரில் நிறுத்தாதீர்கள், காய்ந்த இடமும் ஈர இடமும் சேரும் கோடு அப்படியே நின்றுவிடும். கோட்டுக்குக் கோட் நாலு மணி நேரம் விடுங்கள்.

ஓரத்தில் ஒட்டிய டேப்பைக் கடைசிக் கோட் முழுசாகக் காய்வதற்குள் சாய்வாக இழுத்துவிடுங்கள். நான் மறுநாள் காலையில் உரித்தேன், சீலிங் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பும் கூடவே வந்துவிட்டது. அங்கே இப்போது பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குகிறது.